மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்த இன்ஜினியர் வெலிஸார் கினெவ்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை எஃப்திம் அவர்களே, நகர்மன்றத்தின் சார்பில் வந்திருக்கும் பெரியோர்களே, தலைநகரிலிருந்து பேருந்து ஏறி வந்து, மேடைக்கு அழைத்தும் வராமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மானிய அலுவலக அதிகாரி மிலித்ஸா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சகோதரி ஸ்லாவ்கா அவர்களே, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் கப்ரோவோ சிறு உற்பத்தியாளர் சங்கத்து நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சாயப்பட்டறைக்காரன் சென்கோவின் வணக்கம்.

கோட்டைக் கழற்றவில்லை என்று உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வாசகசாலை மண்டபத்தைச் சூடேற்ற எவ்வளவு செலவாகும் என்று சங்கத்தில் கேட்டு, பதிலைக் கேட்டதும் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களில் நானும் ஒருவன். நாம் சிக்கனத்துக்குப் பேர்போன கப்ரோவோக்காரர்கள். நம்மிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

எனக்கு மேடைப்பேச்சு வராது என்று தொடங்கிவிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. எனக்குப் பேச வரும். இன்று பேச்சு வந்தும் பயனில்லையே என்பதுதான் வருத்தம். யாரைப் பற்றிப் பேச வந்தேனோ அவர் இதைக் கேட்டிருந்தால் பாதியிலேயே எழுந்து, "சென்கோ, இதையே பாதி நேரத்துல சொல்லியிருக்கலாமே" என்று சொல்லியிருப்பார்.

இன்ஜினியர் வெலிஸார் கினெவ் நம்மைப் பிரிந்து நாற்பது நாட்கள் ஆகின்றன. அவருடைய படம் போட்ட இரங்கல் அறிவிப்புகள் ரொட்டிக் கடைக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் இந்த மண்டபத்தின் தூணிலும் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு ஒட்டுவதில் பாதி அளவுதான் அந்தத் தாள். அச்சகத்துக்காரர் ஏனென்று கேட்டபோது அவர் மனைவி ஸ்லாவ்கா சொன்ன பதில் ஊருக்கே தெரியும். "பெரிய தாள்ல போட்டா எந்திரிச்சு வந்து திட்டுவாரு. அப்படியாவது எந்திரிச்சு வரட்டும்னுதான் இருக்கு, ஆனா பெருசாப் போடத் தைரியம் வரல."

நண்பர்களே, அவருடைய பட்டறை பூட்டிக் கிடக்கிறது. அது மறுபடி திறக்குமா, திறக்காதா என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் நாம் முடிவு செய்தாக வேண்டும். வரும் வெள்ளிக்கிழமைக்கு மேல் முடிவு செய்து பயனில்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பட்டறை எப்படிப் பூட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு அந்தக் கதையின் சிரிப்பான பாதி மட்டும்தான் தெரியும்.

வீட்டுச் சூடு வெளியே போய்விடக் கூடாது என்று கப்ரோவோக்காரர்கள் பூனையின் வாலை வெட்டிவிடுவார்களாம். வால் இல்லாத பூனை உள்ளே வந்ததும் கதவைச் சட்டென்று சாத்திவிடலாமாம். நாடு முழுக்க நம்மைப் பார்த்துச் சொல்லிச் சிரிக்கிற கதை இது. நாமும் சேர்ந்து சிரிப்போம். வெலிஸார் சிரித்து நான் பார்த்ததில்லை. "வாலை வெட்டுனது தப்புதான். ஆனா கதவு தொறந்து கெடந்தா என்ன போகுதுன்னு யோசிச்சான் பாரு, அவனுக்கு ஏன் எவனும் சிலை வைக்கல?" என்று கேட்பார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

ஒருநாள் என் பட்டறைக்கு வந்தார். நூலுக்குச் சாயம் ஏற்றி முடித்த தொட்டியிலிருந்து வெந்நீரைச் சாக்கடையில் திறந்துவிட்டுக் கொண்டிருந்தோம். காலையிலிருந்து மாலை வரை அதுதான் எங்கள் வேலை. கரியும் எரிவாயுவும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைப்போம். சாயம் போட்டதும் கொட்டிவிடுவோம். மறுபடி குளிர்ந்த நீரை எடுத்துக் கொதிக்க வைப்போம். எங்கள் அப்பாவும் அப்படித்தான் செய்தார். வெலிஸார் சாக்கடையின் மேல் கையை நீட்டி ஆவியைப் பிடித்துப் பார்த்தார்.

"சென்கோ, உனக்கு எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு. உனக்குத் தெரியாதா?"

"யன்த்ரா ஆத்துல இருக்கிற மீனெல்லாம் உன் பிள்ளைங்கன்னு நெனச்சேன். தெனம் வெந்நி வச்சுக் குளிப்பாட்டிட்டு இருக்கியே."

கோபம் வந்தது எனக்கு. கழிவுநீரின் சூட்டைப் பிடிக்கிற இயந்திரங்கள் வெளிநாட்டில் விற்கின்றன, வாங்கியும் பார்த்தேன், சாயத்தண்ணீரில் நூல் பஞ்சு வந்து அடைத்துக்கொள்கிறது, வாரம் தவறாமல் பிரித்துக் கழுவ வேண்டியிருக்கிறது, கழுவுகிற கூலியில் மிச்சமெல்லாம் போய்விடுகிறது என்று அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப பிரச்சனை சூடு இல்ல, பஞ்சு" என்றார். போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய இயந்திரம். இன்று என் பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவுநீர் போகிற குழாய்க்குள் திருகுபோல நீண்ட ஒரு பிரஷ். அதைச் சுழற்ற மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். போகிற கழிவுநீரே அதைச் சுழற்றுகிறது. சுழலச் சுழலக் குழாய்ச் சுவரில் ஒட்டுகிற பஞ்சை அது வழித்துத் தள்ளிவிடுகிறது. வெளியே போகிற வெந்நீர் தன் சூட்டை உள்ளே வருகிற குளிர்ந்த நீருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. பொருத்திய நாளிலிருந்து இன்றுவரை அதை நாங்கள் பிரித்ததில்லை. இதை ஏன் வேறு யாரும் யோசிக்கவில்லை? எனக்குத் தெரியாது. பார்த்த பிறகு எல்லோரும் "இவ்வளவுதானா" என்கிறார்கள்.

யோசனை இருந்தது, கையில் பணம் இல்லை. நம் நிலைமைதான் உங்களுக்குத் தெரியுமே. புதிய எரிசக்திக் கருவி செய்கிற சிறு நிறுவனங்களுக்கு அரசு கொடுக்கிற மானியம் ஒன்று இருந்தது. அது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஒரே ஒரு கருவியைச் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால், அதைப் பலவாகச் செய்து விற்க அச்சுகள், பரிசோதனை, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை. நம் சங்கத்தில் முதலில் விண்ணப்பித்தவர் வெலிஸார். தலைநகருக்குக் கிளம்பிய அன்று ஸ்லாவ்கா வாசலில் தண்ணீர் ஊற்றினார், போகிற காரியம் தண்ணீர்போல் தடையில்லாமல் ஓடட்டும் என்று. முழு வாளி ஊற்றியிருக்கிறார். அரைவாளி போதாதா என்று கேட்டுவிட்டுத்தான் மனிதர் காரில் ஏறினார்.

மானியம் கிடைத்தது. நாம் எல்லோரும் ரக்கியா குடித்துக் கொண்டாடினோம். அவருடைய பட்டறையில் ஐந்து பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

இனிமேல்தான் நம் ஊர்க்காரர் தவிர வேறு யாரும் செய்ய முடியாத காரியத்தை அவர் செய்தார். புதிய எஃகுக் குழாய் வாங்க மானியத்தில் இடம் இருந்தது. மூடிப்போன நூற்பாலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த துருப்பிடிக்காத குழாய்களை எடைக்கு வாங்கி வந்தார். அளவு கருவிகள் வாங்க இடம் இருந்தது. தொழிற்கல்லூரியில் இரவல் வாங்கினார். ஆலோசகருக்கு இடம் இருந்தது. "என்கிட்ட ஆலோசனை கேக்க நான் யாருக்குக் காசு குடுக்கணும்?" என்றார். இயந்திரம் முடிந்தது, ஓடியது, சோதித்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மானியத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிஞ்சியது.

மிலித்ஸா அவர்களே, அப்போது நீங்கள் வெலிஸாரோடு பேசிய அந்தத் தொலைபேசிப் பேச்சை இங்கே சொல்ல நேற்றே உங்களிடம் அனுமதி கேட்டேன். நீங்கள் தலையசைத்தீர்கள். அதனால் சொல்கிறேன்.

"சார், கணக்குல பணம் மிச்சம் காட்டுது."

"ஆமாம்மா. வேல முடிஞ்சது."

"மிச்சம் வரக்கூடாது சார். எதாவது வாங்கிடுங்க. கம்ப்யூட்டர் எதாவது..."

"இருக்கிற கம்ப்யூட்டர் ஓடுதே."

"ஒரு கருத்தரங்கு நடத்துங்களேன்."

"யாருக்கு?"

"யாருக்காவது சார். காபி, பலகாரம், பேனர்..."

"பேனர் ஆவியப் பிடிக்குமாம்மா?"

சிரிக்கிறீர்கள். அன்றும் நாம் சிரித்தோம். ஆனால் மிலித்ஸா அதோடு விடவில்லை. நம் கப்ரோவோக் கதையில் நாம் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். "சார், ஒரு வழி இருக்கு. மிச்சப் பணத்துல ரெண்டாவது மெஷின் செய்றேன்னு எழுதிக் குடுங்க. விதியில இடம் இருக்கு. அனுமதி நான் வாங்கித் தர்றேன்" என்று கெஞ்சினார். வெலிஸார் என்ன சொன்னார்? "நான் ஒண்ணு செய்யத்தான் கேட்டேன். ஒண்ணு செஞ்சிட்டேன். கடைக்கு அனுப்புன பையன் மிச்சத்துல மிட்டாய் வாங்கித் தின்னா அடிக்க மாட்டோமா? இது உங்க பணம்மா, எடுத்துக்குங்க" என்றார்.

திருப்பி அனுப்பினார். பணத்தைக் கொடுக்கத் தெரிந்த அலுவலகத்துக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. போன பணம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. கடைசியில் நேரில் போய், வாங்கிக்கொள்ளும்வரை நகரமாட்டேன் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் ஊர் திரும்பிய அன்று இதே மண்டபத்தில் நாம் எழுந்து நின்று கைதட்டினோம். அரசாங்கத்துக்கே மிச்சம் பிடித்துக் கொடுத்த கப்ரோவோக்காரன் என்று வாழ்த்தினோம். ஸ்லாவ்கா மட்டும் கைதட்டவில்லை. "ஊருக்குத் தர்மராசா, நம்ம வீட்டச் சூடாக்குற ரேடியேட்டர் ஒழுகுது" என்று அவர் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அதற்கும் நாம் சிரித்தோம்.

இரண்டாம் கட்டம் வந்தது. இயந்திரத்துக்கு முழு மதிப்பெண். சேமிக்கிற எரிபொருளுக்கு முழு மதிப்பெண். பிறகு ஒரு கேள்வி: ஒதுக்கிய தொகையை விண்ணப்பதாரர் எந்த அளவுக்குப் பயன்படுத்தினார்? முழுவதும் செலவழித்தவர்களுக்கு முழு மதிப்பெண். மிச்சம் பிடித்தவர்களுக்கு? பணத்தைக் கையாளும் திறன் போதாது என்று எழுதி வெட்டிவிட்டார்கள். அந்த ஒரு வெட்டில் அவர் தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே போனார். நண்பர்களே, கப்ரோவோவில் பிறந்து வளர்ந்த ஒருவரைப் பார்த்து, இவருக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்று எழுதினார்கள். இதைவிடப் பெரிய அவமானம் நம் ஊருக்கு நடந்திருக்கிறதா?

செய்தி வந்த அன்று அவர் என் பட்டறைக்கு வந்து இயந்திரத்தின் மேல் கை வைத்து நின்றார். சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"சென்கோ, நான் தப்பு ஒண்ணும் பண்ணலியே?"

"பண்ணலடா. அதான் பிரச்சனை."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஸ்லிவெனிலிருந்து கம்பளி அலசும் ஆலைக்காரர்கள் வந்து பார்த்து எட்டு வேண்டும் என்றார்கள். கடற்கரை ஓட்டல்களின் சலவைக்காரர்கள் வந்தார்கள். முன்பணம் தருகிறோம் என்றார்கள். பொருள் இல்லாமல் பணம் வாங்க மாட்டேன் என்றார் வெலிஸார். அச்சு இல்லாமல் பொருள் இல்லை. சான்றிதழ் இல்லாமல் விற்க முடியாது. அவர்கள் ஒரு வருடம் பொறுத்தார்கள், பிறகு அடைத்துக்கொள்கிற வெளிநாட்டு இயந்திரத்தையே வாங்கிக்கொண்டு போனார்கள். தன்னிடம் வேலை பார்த்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு இவரே வீடு வீடாகப் போய் வேறு வேலை தேடிக் கொடுத்தார். வெல்டர் காமெனை மட்டும் கடைசிவரை அனுப்ப மனம் வரவில்லை. அடுத்த மானிய அறிவிப்பு வரும், அடுத்த அறிவிப்பு வரும் என்று காத்திருந்தார். இதயம் காத்திருக்கவில்லை.

அடுத்த அறிவிப்பு எப்போது வந்தது தெரியுமா? அவரைப் புதைத்த மண் காய்வதற்குள் வந்தது. இதை என்னவென்று சொல்வது? பல வருடம் மூடியிருந்த கதவு அந்த வாரம்தானா திறக்க வேண்டும்? அவர் இருந்தபோது திறந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? யாரைக் கேட்பது? மிலித்ஸாதான் ஸ்லாவ்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லும்போது அழுதாராம். "மிச்சத்துக்கு மார்க்கு வெட்டுற அந்த விதி மாறலம்மா. மாத்தணும்னு ஒவ்வொரு வருசமும் எழுதினேன். மாறல" என்றாராம். இன்று அவர் மேடைக்கு வர மறுத்ததன் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். மிலித்ஸா அவர்களே, இந்த ஊரில் உங்கள் மேல் யாருக்கும் வருத்தமில்லை. உங்கள் பேச்சைக் கேட்காமல் போனாரே என்றுதான் எங்களுக்கு வருத்தம்.

வெலிஸார் மறைந்துவிட்டதால் அவருடைய நிறுவனம் தனியாக விண்ணப்பிக்க முடியாது. சங்கம் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் செலவில் ஒரு பங்கை விண்ணப்பிப்பவர்கள் கையிலிருந்து போட வேண்டும். அதற்குப் பொறுப்பேற்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினோம். வார்ப்பட அச்சு செய்கிற நம் ரங்கெல் எழுந்து, "அடுத்த அறிவிப்புக்குன்னு வெலிஸார் எழுதி வச்ச அதே கம்மியான தொகையக் கேப்போம். ஒரு காசு கூட்ட வேணாம். கெடைச்சாக் கெடைக்குது, கெடைக்கலன்னாலும் அவருக்கு நாம செய்ற மரியாதை அதுதான்" என்றார். உருக்கமாகச் சொன்னார். நாம் என்ன செய்தோம்? வழக்கம்போல் கைதட்டினோம்.

அப்போதுதான் ஸ்லாவ்கா எழுந்தார். வராதவர்களுக்காக அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"ஒக்காருங்க ரங்கெல் அண்ணே. அவருக்கு மரியாதை செஞ்சு செஞ்சுதான் பட்டறைக்குப் பூட்டு போட்டோம். அவரு மிச்சம் பிடிச்சது தப்பில்ல. அந்த மிச்சத்த யாரு கையில குடுத்தாருங்கிறதுதான் தப்பு. அந்தக் காசுல ரெண்டாவது மெஷின் நின்னிருக்கும். அந்தப் பிள்ள போன்ல கெஞ்சுனா, கேக்கல. நான் கெஞ்சுனேன், கேக்கல. நீங்க யாராவது கெஞ்சுனீங்களா? கைதட்டுனீங்க. இந்த வாட்டி எவ்வளவு குடுப்பாங்களோ அவ்வளவும் கேளுங்க. ஒரு மெஷினுக்குக் கேட்டதுல ரெண்டு செய்ங்க, ரெண்டுக்குக் கேட்டதுல மூணு செய்ங்க. ஒத்தக் காசு திரும்பிப் போகக்கூடாது."

யாரும் கைதட்டவில்லை. தட்டக் கை எழவில்லை.

இன்று காலை என் வீட்டுக்கு வந்து இன்னொன்றும் சொன்னார். "சென்கோ அண்ணே, மேடையில அவர நல்லவரு நல்லவருன்னு பேசாதீங்க. நல்லவருன்னு சொல்லிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க." நண்பர்களே, இவ்வளவு நேரமாகப் பேசுகிறேன், அந்த வார்த்தையை ஒருமுறையாவது சொன்னேனா? ஒவ்வொரு வரியிலும் அது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து தீர்மானம் கிடையாது. இரண்டு நிமிட மௌனத்தை அருட்தந்தை நடத்தி வைப்பார். அதோடு இரங்கல் முடிகிறது. அதற்கு மேல் இருப்பது வேலை. வெலிஸார் கினெவின் இயந்திரத்தை ஸ்லிவெனுக்கு அனுப்பாமல் நாம் ஓய மாட்டோம். கடற்கரைக்கு அனுப்பாமல் ஓய மாட்டோம். அவரிடம் வேலை பார்த்த ஐந்து பேரும் பின்னால் நிற்கிறார்கள், அவர்களை அந்தப் பட்டறைக்குள் மறுபடி கூட்டிக்கொண்டு போகாமல் ஓய மாட்டோம். கொடுக்கிற தொகை முழுவதையும் கேட்போம். மிச்சம் பிடிப்போம், அது நம் ரத்தத்தில் இருக்கிறது, விட முடியாது. பிடித்த மிச்சத்தில் இன்னொரு இயந்திரம் செய்வோம்.

வெலிஸார், இது உனக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பாய், நான் தோற்றிருப்பேன், எப்போதும்போல. உன்னிடம் தோற்க முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். இதை நீ இல்லாதபோது உன் பேச்சை மீறிச் செய்கிறேன். கோபப்படு. நான் தாங்கிக்கொள்கிறேன்.

நண்பர்களே, விண்ணப்பம் இந்த மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. முதல் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன், என் பட்டறையை ஈடாக எழுதியிருக்கிறேன். பக்கத்து மேசையில் ஸ்லாவ்கா அவித்த கோதுமை வைத்திருக்கிறார், வெலிஸாரின் ஆத்மாவுக்காக. கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போங்கள். போடாமல் போனால் ஸ்லாவ்கா கோதுமை கொடுக்க மாட்டார், கேட்டுப் பார்த்துவிட்டேன்.